ஓரிடத்தான்: ஐசோடோப்பும் தொன்னீரின் வயதும்

ஐசோடோப்பு என்ற சொல்லை 1913-இல் அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் வேதியியலாளர் பிரெடரிக் சாடி. அதை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். கிளாஸ்கோவில் ஒரு விருந்துப் பேச்சில் பிறந்த சொல் இது. கிரேக்கத்தில் ‘ஐசோஸ்’ என்றால் சமம், ‘டோப்போஸ்’ என்றால் இடம். தனிம அட்டவணையில் உள்ள கட்டத்தைத்தான் இடம் என்கிறார்கள். கிரிப்டான் என்ற வாயுவின் அணு ஒவ்வொன்றிலும் 36 புரோட்டான்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் 36-ஆம் கட்டமே வீடு. நியூட்ரான்கள் மட்டும் ஒன்றில் 48 இருக்கும், இன்னொன்றில் 45. ஒரே கட்டத்தில் குடியிருக்கும் இப்படிப்பட்ட அணு வகைகளே ஐசோடோப்புகள்.

தமிழில் இதற்கு ‘ஓரிடத்தான்’ என்று பெயர் வைத்தார்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘சமதானி’. தானம் என்பதும் இடம்தான். இரண்டும் நல்ல சொற்களே. நான் எழுதுவது ஓரிடத்தான். ‘ஆன்’ என்று முடிவதால் ஆளைக் குறிப்பதுபோல் இருக்கிறதே என்பார்கள். ஓணானையும் தட்டானையும் அப்படித்தானே சொல்கிறோம்?

நிலத்தடி நீரின் வயதைக் கணிக்கும் முறையே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஓரிடத்தார் என்பதால் வேதியியல் குணம் ஒன்றே. மழைநீரில் சேர்ந்தே கரைவார்கள், மண்ணுக்குள் சேர்ந்தே இறங்குவார்கள். காற்றின் தொடர்பு அறுந்தபின் கதிரியக்கமுள்ளவர் மட்டும் சிதைந்து குறைவார். மற்றவர் அப்படியே இருப்பார். மிஞ்சிய விகிதம்தான் கடிகாரம். ஆக, நீரின் வயது என்பது அது நிலத்தடியில் அடைபட்டுக் கிடந்த காலம்.

கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. சுமார் 40,000 ஆண்டுக்கு மேல் அது உதவாது. போதாக்குறைக்கு, சுண்ணாம்புப் பாறையின் பழைய கார்பன் நீரில் கலந்து வயதைக் கூட்டிக் காட்டிவிடும். கிரிப்டான் எதனோடும் எளிதில் சேராத வாயு. 45 நியூட்ரான் கொண்ட, கதிரியக்கமுள்ள கிரிப்டான்-81 பாதியாக ஏறக்குறைய 2,30,000 ஆண்டு ஆகும். காற்றிலுள்ள கிரிப்டானில் லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று தேறினால் பெரிது! அவற்றை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணுகிறார்கள்.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், நூபிய மணற்கல் நீரடுக்கில் இதைச் செய்துபார்த்தார்கள். கிணற்றடியிலேயே டன் கணக்கில் நீரை ஓடவிட்டு, கரைந்திருந்த வாயுவை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 2004-இல் வெளியான முடிவு: நீரின் வயது சுமார் 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டு வரை. மழை அநேகமாக இல்லாத அந்த மண்ணில், பாலைவனச் சோலைகளின் பயிருக்குப் பாய்வது இந்த நீர்தான்.

ஆங்கிலத்தில் இதைப் புதைபடிவ நீர் என்ற பொருளில் சொல்கிறார்கள். படிவம் என்றால் எலும்பும் ஓடும் நினைவுக்கு வரும். தொல் + நீர் = தொன்னீர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மீண்டும் ஊறிச் சேர வழியில்லாமல் இறைக்கப்படும் நீருக்கு இந்தப் பெயரைத் தயங்காமல் எழுதலாம்.