ஹெடர் சரி, கோட் சரி, பில்ட் மட்டும் ஏன் விழுகிறது?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த கையோடு சி மொழிப் பயிற்சியில் உட்காரும் நம்மூர்ப் பிள்ளைகளை இந்தப் பிழை நன்றாகவே அலைக்கழிக்கும். எஸ்கியூஆர்டி என்ற ஃபங்ஷனை வைத்து வர்க்கமூலம் கணக்கிடும் பத்து வரி நிரல்தான். அதை ஓடக்கூடிய ஃபைலாக மாற்ற பில்ட் செய்தால் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி’ என்று நின்றுவிடுகிறது.

உடனே கணித ஃபங்ஷன்களை அறிவிக்கும் மேத் ஹெடர் ஃபைலைத் தேடிப் போகாதீர்கள். ஹெடர் விட்டுப்போனால் ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ என்றுதான் வரும். லினக்ஸில் வழக்கமான கம்பைலரான ஜிசிசியின் 14ஆம் பதிப்பு முதல் அது வெறும் எச்சரிக்கை அல்ல, பிழையே. இங்கே கடைசி வரியைப் படியுங்கள்: ‘எல்டி ரிட்டர்ன்ட் 1’. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது; திணறுவது, துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்கர். எல்டி என்பது அதன் பெயர்தான். லினக்ஸில் கணித ஃபங்ஷன்கள் லிப்எம் என்ற தனி லைப்ரரியில் இருக்கின்றன. அது வேண்டுமென்று கட்டளையில் ‘-எல்எம்’ போட்டு நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, பக்கத்து சீட்டுக்காரருக்கு மட்டும் எப்படி ஓடுகிறது? அவரிடம் ஆப்பிளின் மேக் கணினி இருக்கலாம்; அதில் கணித லைப்ரரி சிஸ்டம் லைப்ரரியோடு தானாகவே வந்துவிடும். ஜிசிசிக்குப் பதில் சி++ மொழிக்கான ஜி++ கட்டளையைக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். இன்னொன்றுதான் ரொம்பவே ஏமாற்றும்: எஸ்கியூஆர்டிக்கு 2.0 என்று நேரடி எண் கொடுத்தால் ஜிசிசி கம்பைல் செய்யும்போதே விடையைப் போட்டுவிடும், லைப்ரரியே தேவைப்படாது. அதே இடத்தில் பயனர் உள்ளிடும் மாறியை வைத்தால் பில்ட் உடையும். சந்தேகமிருந்தால் ‘-சி’ போட்டு, இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் உருவாக்கி, அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை அதன்மேல் ஓட்டுங்கள். எஸ்கியூஆர்டிக்கு முன்னால் ‘யு’ இருந்தால் அது வெளியிலிருந்து வரவேண்டியது.

‘-எல்எம்’ போட்ட பிறகும் அதே பிழையா? எங்கே போட்டீர்கள் என்று பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். உபுண்டு லினக்ஸின் 11.10 பதிப்பு முதல், படித்துவந்த இடம்வரை எந்த ஃபைலும் கேட்காத லைப்ரரியை அது ஒதுக்கிவிடுகிறது. பிறகு உங்கள் ஃபைல் கேட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே சோர்ஸ் ஃபைல் முன்னால், ‘-எல்எம்’ கடைசியில்.

பில்ட் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் பலர் இதை ‘எல்டிஃபிளாக்ஸ்’ மாறியில் எழுதிவைத்துவிட்டு முழிக்கிறார்கள். அந்த ஃபைலைப் படித்து பில்ட் செய்யும் ‘மேக்’ கருவியின் (ஆப்பிள் கணினி அல்ல) உள்ளமைந்த விதி அந்த மாறியை ஃபைல் பெயர்களுக்கு முன்னால் வைக்கிறது. லைப்ரரிக்கு உரிய இடம் ‘எல்டிலிப்ஸ்’. அதுதான் பின்னால் வரும். சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியில் ‘டார்கெட் லிங்க் லைப்ரரீஸ்’ வரியில் ‘எம்’ சேர்த்தால் போதும், இடத்தை அது பார்த்துக்கொள்ளும்.