ரீஸ்டார்ட் ஆன போனில் அம்மாவின் பெயர் எங்கே போனது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "ராத்திரி அப்டேட் ஆகி என் ஆண்ட்ராய்டு போன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. காலையில் அலாரம் சரியாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டார். திரையில் 'அம்மா' என்று வரவில்லை, வெறும் பத்து இலக்க எண்தான் வந்தது. கைரேகை வைத்தேன், ஏற்கவில்லை. பின் நம்பர் போட்டதும் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. வைரஸ் புகுந்திருக்குமா? ஐபோனுக்கு மாறிவிடலாமா?"

வைரஸ் இல்லை. ஐபோனிலும் இதேதான் நடக்கும். அந்தச் சில நிமிடங்களில் உங்கள் போன் மற்ற எந்த நேரத்தையும்விடப் பாதுகாப்பாக இருந்தது.

அடிப்படை தெரிந்ததுதான். இரண்டு இயங்குதளங்களிலும் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. பக்கத்து அறையை எட்டிப் பார்க்க முடியாது. கேமரா, இருப்பிடம், தொடர்புகள் எல்லாவற்றுக்கும் நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும். சேமித்தவை எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படித்தால் வெறும் குப்பை. சரி, அந்தச் சாவி எங்கே இருக்கிறது?

பின் நம்பரைப் போட்டதும், போன் எங்கோ எழுதி வைத்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இருந்தால் திருடனுக்கு வேலை சுலபம், நினைவகச் சிப்பைக் கழற்றிப் படித்துவிடுவான். உண்மையில் சாவி முழுதாக எங்கேயும் கிடையாது. பின் நம்பர் அதில் ஒரு பங்கு மட்டுமே. இன்னொரு பங்கு, தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் பதிக்கப்பட்ட ஒரு நீளமான எண், ஐபோனில் அது 256 பிட். போனுக்குப் போன் அது மாறும். எந்த மென்பொருளாலும் அதைப் படித்து வெளியே கொண்டுவர முடியாது. ஆப்பிள் தானும் அதைக் குறித்து வைப்பதில்லை என்கிறது. நீங்கள் எண்ணைத் தட்டும்போது இரண்டும் சிப்புக்குள் திரும்பத் திரும்பப் பிசையப்பட்டு, அதிலிருந்துதான் சாவி பிறக்கிறது. ஐபோனில் இந்தப் பிசைதலுக்கு வேண்டுமென்றே சுமார் 80 மில்லிவினாடி ஆகும்படி வைத்திருக்கிறார்கள். நமக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பவனுக்கோ பெரும் பாரம். நினைவகத்தைக் கழற்றி எத்தனை பெரிய கணினியில் மாட்டினாலும் பயனில்லை. எல்லா முயற்சியும் அதே போனுக்குள், அதே சிப் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் எண்கள். தலா 80 மில்லிவினாடி என்றால் 80,000 வினாடி, ஏறக்குறைய 22 மணி நேரம். ஒரு நாள் பொறுமை இருந்தால் எல்லாம் முடிந்தது! அதனால்தான் எத்தனை முறை தப்பாகப் போட்டார்கள் என்றும் எண்ணுகிறார்கள். சில தவறுகளுக்குப் பிறகு ஒரு நிமிடம் காத்திரு என்பார்கள், அப்புறம் ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம்.

இந்த எண்ணிக்கையை எங்கே வைப்பது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற தாக்குதலுக்குப் பின், தாக்கியவரின் ஐபோன் 5சி அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கையில் சிக்கியது. அதன் தடைகளை நீக்கும் மென்பொருளை எழுதித் தரச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்டது, ஆப்பிள் மறுத்தது. கடைசியில் வெளியார் ஒருவர் உதவியோடு எஃப்பிஐ அதைத் திறந்துகொண்டது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் செர்கெய் ஸ்கொரோபோகடோவ் இன்னொரு 5சி-யை எடுத்து, நினைவகச் சிப்பைச் சூடேற்றிக் கழற்றினார். நகல் எடுத்தார். ஆறு முறை தப்பாகப் போட்டார். பழைய நகலைத் திரும்ப ஏற்றினார். போன் இதுவரை யாரும் ஒரு முறைகூடத் தப்பாகப் போடவில்லை என்று நம்பியது! தவறுகளின் எண்ணிக்கையும் அந்த நினைவகத்திலேயே இருந்ததுதான் ஓட்டை. இந்த முறையில் நான்கு இலக்க எண்ணை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடலாம். இப்போதைய ஐபோன்களில் எண்ணிக்கை தனிப் பாதுகாப்பு சிப்பின் பொறுப்பில் இருக்கிறது. கூகுள் பிக்சலில் அந்தச் சிப்பின் பெயர் டைட்டன், சாம்சங்கின் உயர்வகைப் போன்களில் நாக்ஸ் வால்ட்.

இனி கைரேகை. விரலை ஒவ்வொரு முறை வைக்கும்போதும் பதிவு கொஞ்சம் மாறும், வியர்வை, அழுத்தம், கோணம் எல்லாம் அதைப் பாதிக்கும். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றிலிருந்து மாறாத சாவியைச் செய்ய முடியாது. சிப் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் சாவியை 'இவரிடம் கொடு' என்று சொல்லத்தான் கைரேகை. ரீஸ்டார்ட் ஆனதும் பிடித்து வைத்தது போய்விடுகிறது. கொடுக்க ஒன்றுமில்லை, அதனால் பின் நம்பர். தொடர்புப் பட்டியலும் அதுவரை பூட்டியே கிடக்கிறது. அம்மாவின் எண் நெட்வொர்க் வழியாக வந்தது, 'அம்மா' என்ற பெயர் பூட்டுக்குள் இருந்தது. அலாரம் அடித்ததற்குக் காரணம், அது போன்ற சில விஷயங்களைப் பின் நம்பர் தேவைப்படாத தனி இடத்தில் வைக்க ஆண்ட்ராய்டு அனுமதிக்கிறது.

ஐபோனுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். திருடனிடமிருந்து காப்பதில் நல்ல ஆண்ட்ராய்டும் ஐபோனும் இன்று கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஆண்ட்ராய்டு என்பது ஆயிரம் போன்களுக்கு ஒரே பெயர். மலிவானவற்றில் தனிச் சிப் இருக்காது, அப்டேட்டும் சீக்கிரமே நின்றுவிடும். அந்தரங்கம் என்று வந்தால் கதை வேறு. டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் அளந்து பார்த்தார். சும்மா கிடந்தபோதும் பிக்சல், ஐபோன் இரண்டுமே சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தாய் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பின. கூகுளுக்குப் போன அளவு ஆப்பிளுக்குப் போனதைப் போல் சுமார் 20 மடங்கு. அளந்த முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் செய்த இயங்குதளம் என்பதை மறக்காமல் இருப்பது நல்லது என்றே நான் சொல்வேன். திருடனைத் தடுக்கும் சிப், தயாரித்தவரைத் தடுக்காது.

5சி-யின் ஓட்டை, தாய் நிறுவனத்துக்குப் போகும் தகவல், இந்த இரண்டு உண்மைகளையும் வெளியே கொண்டுவந்தவை பல்கலைக்கழகங்கள். பிக்சலின் டைட்டன் எம்2 சிப், ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வடிவமைப்பில் உருவானது. சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசசர் சிப்களும் அதே வடிவமைப்பில்தான் உருவாகின்றன. திறமை நம் ஊரில் இருக்கிறது. சிப்பைக் கழற்றி ஓட்டை தேடும் ஆய்வகங்களுக்கும் அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும்.

வாசகருக்கு: நான்கு இலக்கம் என்றால் ஆறாக மாற்றுங்கள். உங்கள் போனுக்கு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் மாற அவசரமில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் வரும் அந்தப் பாதுகாப்பான நிலை இப்போது தானாகவும் வருகிறது. மூன்று நாள் யாரும் திறக்காமல் கிடந்தால் ஐபோன் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும் வசதி 2024-இல் வந்தது. அடுத்த ஆண்டு கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு அதைக் கொண்டுவந்தது. போன் தொலைந்தால், எடுத்தவன் கையில் அது மூன்று நாள் ஆனதும் அணைந்து எழும். அதன் பிறகு உங்கள் அம்மா அழைத்தாலும் அவனுக்குத் தெரிவது ஒரு எண் மட்டுமே.