குக்கீ ஜார்: நினைவிப் பெட்டகம்

இணையத்தில் கோரிக்கை அனுப்பும் ஒரு நிரலில், சர்வர் (தளத்தை வழங்கும் கணினி) தரும் குக்கீகளை, அதாவது நம்மை மறுபடி அடையாளம் காண அது தரும் சிறு குறிப்புகளை, வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கோரிக்கையில் எந்தக் குக்கீயை எந்தத் தளத்துக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் பகுதிக்குக் குக்கீ ஜார் என்று பெயர். உலாவி, மொபைல் செயலி, பைத்தானில் எழுதிய நாலு வரி ஸ்கிரிப்ட் என எதில் இருந்தாலும் வேலை ஒன்றுதான். தமிழில் நினைவிப் பெட்டகம் எனலாம். ஏன் பெட்டகம் என்பது கீழே வரும்.

முதலில் குக்கீ. டச்சு மொழியில் கூக் என்றால் கேக், கூக்யெ என்றால் குட்டிக் கேக். அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. அதே ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களையும் ஆண்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் அந்த டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நம் அச்சுமுறுக்குக்கு ஒன்றுவிட்ட உறவு.

தின்பண்டப் பெயர் கணினிக்குள் நுழைந்தது யூனிக்ஸ் இயங்குதளக்காரர்களால். 1979-இல் வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பின் கையேட்டில், கோப்புக்குள் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல் என்ற செயற்கூறு பற்றிய பக்கத்தில் 'மேஜிக் குக்கீ' வருகிறது. சில கணினிகளில் அந்த இடம் பைட் எண்ணாக வராது, மேஜிக் குக்கீயாக வரும் என்கிறது. வாங்கியவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரி: அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கொடுத்தவருக்கு மட்டும் தெரியும்.

1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் இருந்த லூ மாண்டுல்லி இந்தப் பெயரை வலைக்குக் கொண்டுவந்தார். எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக ஓர் இணைய வணிக மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். பாதியில் நிற்கும் கொள்முதல் விவரத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருக்க எம்சிஐ விரும்பவில்லை. அப்படியானால் அதை வாங்குபவரின் கணினியிலேயே வைப்போம் என்று பிறந்ததுதான் குக்கீ. அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப்பின் 0.9 பீட்டா பதிப்பிலேயே அது வேலை செய்தது. இன்றைய விதிமுறைகளுக்கு அடிப்படை 2011 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற இணைய விதிமுறை ஆவணம்.

ஜார் என்ற பின்னொட்டு வலையோடு பிறந்ததல்ல. அடாரி எஸ்டிஇ கணினியில் 1989-லேயே ஒரு 'குக்கீ ஜார்' இருந்தது: நான்கு எழுத்துப் பெயரும் நான்கு பைட் மதிப்புமாக, இந்தக் கணினியில் என்னென்ன வசதி உண்டு என்று நிரல்களுக்குச் சொல்லும் ஒரு பட்டியல். வலைக் குக்கீயோடு அதற்குப் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. பிறகு பெர்ல் மொழியின் எல்டபிள்யூபி தொகுப்பு, பைத்தான், கோ மொழி, ஜாவாவின் ஓகேஹெச்டிடிபி என்று எல்லாரும் ஜார் என்றே எழுதினார்கள். ஆர்எஃப்சி மட்டும் 'குக்கீ ஸ்டோர்' என்கிறது.

ஜார் என்றதும் போட்டு வைக்கும் பாத்திரம் என்று தோன்றும். வைப்பது சின்ன வேலை. யாருக்கு எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் பிழைகள் எல்லாம் விளைகின்றன. ஒரு குக்கீக்கு அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல. பெயர், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), பாதை (அதற்குப் பின் சாய்கோட்டோடு வரும் பகுதி) மூன்றும் சேர்ந்ததே அடையாளம். மூன்றும் ஒத்தால் புதியது பழையதை அழித்துவிட்டு உட்காரும். ஒன்று மாறினாலும் ஒரே பெயரில் இரண்டு குக்கீகள் அருகருகே இருக்கும், இரண்டும் சேர்ந்தே அனுப்பப்படும், நீளமான பாதை உள்ளது முன்னால் போகும். வெளியேறிய பிறகும் பழைய கணக்கே காட்டுகிறது என்ற புகாருக்கு இது அடிக்கடி காரணம்: அழிக்க அனுப்பிய குக்கீயின் பாதை, வைத்த குக்கீயின் பாதையோடு ஒத்திருக்காது.

டொமைன் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். சர்வர் டொமைனைக் குறிப்பிட்டால் குக்கீ துணை டொமைன்களுக்கும் போகும். குறிப்பிடாவிட்டால்தான் கொடுத்த அந்த ஒரு ஹோஸ்ட் முகவரியோடு நிற்கும். அதாவது சொல்லாமல் விடுவதே கண்டிப்பானது. பாதையும் சாய்கோட்டில் முறிய வேண்டும்: /டாக்ஸ் என்று வைத்த குக்கீ /டாக்ஸ்/வெப் பக்கத்துக்குப் போகும், /டாக்ஸெட் பக்கத்துக்குப் போகாது. இதோடு, பல தளங்கள் பொதுவாகப் பகிரும் முகவரி முடிவுகளைச் சொல்லும் பொதுப் பின்னொட்டுப் பட்டியலும் வேண்டும். இல்லாவிட்டால் .கோ.இன் என்று முடியும் ஒரு தளம், அதே முடிவுள்ள எல்லாத் தளங்களுக்கும் போகும்படி ஒரு குக்கீயை வைத்துவிட முடியும். கோ மொழியின் குக்கீஜாரை அந்தப் பட்டியல் கொடுக்காமல் உருவாக்கினால் இந்த ஓட்டை திறந்தே இருக்கும். சோதனைக்குத் தவிர வேண்டாம்.

கோப்பில் சேமிக்க இன்றும் செல்லுபடியாவது பழைய நெட்ஸ்கேப் வடிவம்தான். வரிக்கு ஒரு குக்கீ, ஏழு புலங்கள், நடுவில் டேப்:

.எக்ஸாம்பிள்.காம்   ட்ரூ   /   ட்ரூ   1767225600   செஷன்ஐடி   ஏ3எஃப்9

டொமைன், துணை டொமைனுக்கும் உண்டா, பாதை, ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தானா, காலாவதி, பெயர், மதிப்பு என்பது வரிசை. காலாவதி 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய விநாடிகள். மேலே உள்ளது 2026 ஜனவரி 1, இந்திய நேரப்படி காலை 5.30. குரோமின் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பிலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க: அங்கே நேரம் 1601-லிருந்து மைக்ரோவிநாடியில் இருக்கும். பத்து லட்சத்தால் வகுத்து 11644473600-ஐக் கழித்தால்தான் இந்த எண் கிடைக்கும்.

இந்த வரியைச் சாட்டிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது டேப்கள் இடைவெளிகளாக மாறிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கட்டளை வரியில் இணையப் பக்கம் எடுக்கும் கருவியான கர்ல் அந்த வரியைக் குக்கீயாக ஏற்காமல் விட்டுவிடும், வேலை மட்டும் நடக்காது.

கர்லில் சிறிய பி (-b) எழுத்து கோப்பிலிருந்து படிக்க, சிறிய சி (-c) எழுத்து கோப்பில் எழுத. உள்நுழைந்து உள்ளே போய்ப் பக்கம் எடுக்க இரண்டும் வேண்டும். பி-க்குப் பின் வருவதில் சமக்குறி இருந்தால் அதையே குக்கீ என்று எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கோப்பின் பெயர் என்று. சி சொன்ன கோப்பில் எழுத முடியாமல் போனாலும் கர்ல் தோல்வி என்று சொல்லாது; விவரமாகப் பேசச் சொல்லும் சிறிய வி (-v) இருந்தால்தான் எச்சரிக்கை தெரியும். அனுமதியில்லாத கோப்புறையைக் கொடுத்துவிட்டு, கடவுச்சொல் தப்போ என்று தேடுவது இதனால்தான்.

கர்ல் எழுதியதைப் பைத்தானில் இதற்கென உள்ள மொசில்லாகுக்கீஜாரில் படிப்பவர்களுக்கு மூன்று இடறல் உண்டு. முதல் வரியில் நெட்ஸ்கேப் குக்கீ கோப்பு என்ற அறிவிப்பு இல்லாவிட்டால் கோப்பையே ஏற்காது. அது மட்டுமாவது வெளிப்படையாகத் தெரியும் பிழை. இரண்டாவது, உலாவியை மூடினால் போய்விட வேண்டிய செஷன் குக்கீக்குக் கர்ல் காலாவதியை 0 என்று எழுதும். பைத்தானோ அதே இடம் காலியாக இருக்கும் என்று எதிர்பார்க்கும். 0-ஐப் பார்த்தால் 1970-லேயே காலாவதி என்று கணக்கிட்டு எறிந்துவிடும். உள்நுழைவுக் குக்கீ பெரும்பாலும் செஷன் குக்கீ என்பதால், தேவையானது மட்டும் காணாமல் போகும். மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்ட் தொடக்கூடாத குக்கீகளைக் கர்ல் # குறியோடு தொடங்கும் வரியாக எழுதும், 3.10-க்கு முந்தைய பைத்தான் அதைக் குறிப்புரை என்று எண்ணித் தாண்டிவிடும். பைத்தானிலேயே சேமிப்பவர்கள் இக்னோர்_டிஸ்கார்ட் மதிப்பை ட்ரூ என்று கொடுக்காவிட்டால் செஷன் குக்கீகள் கோப்புக்கு வரவே வராது.

நிரலைச் சொந்தமாக எழுதுபவர்கள் வழக்கமாக விழும் குழிகள் வேறு. உள்நுழைவு வெற்றியானதும் சர்வர் 302 என்று வேறு பக்கத்துக்குத் திருப்பும். குக்கீ அந்த 302 பதிலில்தான் இருக்கும். கடைசிப் பதிலின் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது கிடைக்காது. சர்வர் குக்கீயை அனுப்பும் செட்-குக்கீ தலைப்புகள் பல வந்தால் காற்புள்ளி போட்டு ஒன்றாக்கவும் கூடாது. காலாவதித் தேதிக்குள்ளேயே கிழமைக்குப் பின் ஒரு காற்புள்ளி உண்டு, திரும்பப் பிரிக்கும்போது தேதி இரண்டாக உடையும். மேக்ஸ்-ஏஜ் (எத்தனை விநாடி), எக்ஸ்பயர்ஸ் (எந்தத் தேதி வரை) இரண்டும் இருந்தால் மேக்ஸ்-ஏஜ் சொன்னதே செல்லும். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் எழுதினால் கடைசியாக எழுதியவர் மற்றவர் குக்கீகளை அழித்துவிடுவார், ஆளுக்கொரு கோப்பு கொடுத்துவிடுவது நல்லது.

இனி தமிழ்ச் சொல். குக்கீக்கு 'நினைவி' என்ற சொல் பழகிவிட்டது. உலாவி, செயலி வரிசையில் இயல்பாக உட்காருகிறது. குறை ஒன்று உண்டு: இன்று பெரும்பாலும் நினைவு வைத்திருப்பது சர்வர், குக்கீ வெறும் அடையாளம். மெமரியைக் குறிக்கும் நினைவகத்தோடு குழப்பமும் வரும். இருந்தாலும் பரவிய சொல்லை மாற்றுவதால் லாபமில்லை. குக்கீ என்றே எழுதுபவர்கள் ஈகாரத்தை விடாதீர்கள். குக்கி என்றால் மணிப்பூர் இனத்தவரின் பெயர்.

ஜாருக்கு ஜாடி என்று போட்டால் ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். கிடங்கு, சேமிப்பகம் இரண்டும் வெறும் கொள்கலங்கள். உள்ளே இருப்பதோ கணக்கின் சாவி: கோப்பை நகலெடுத்தவர் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் பெயரில் உள்ளே போகலாம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் பல தளங்களில் கேட்கப்படாது. அதனால்தான் கோப்பின் அனுமதி 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) என்று இருக்க வேண்டும், நிரலைப் பகிர்ந்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போகக்கூடாது. பூட்டி வைக்கும் பொருள் பெட்டகத்தில்தான் இருக்கிறது. ஆவணத்தில் எழுதும்போது: "உள்நுழைந்தபின் நினைவிப் பெட்டகத்தைச் சேமிக்கவும்", "பெட்டகத்தைக் காலிசெய்து மீண்டும் முயலவும்". நிரல் வரியில் குக்கீஜார் என்ற பெயரை அப்படியே விட்டுவிடலாம்.