வேர்வையோடு நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் பழவேற்காட்டிலிருந்து போன். தண்டையார்பேட்டைப் பையன். "டாக்டர், குதிரை படுத்துப் படுத்து எழுந்திருக்குது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது" என்றான். நான் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. நாடி நிமிடத்துக்கு 96. சும்மா நிற்கும் நல்ல குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். ஈறு கருஞ்சிவப்பாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை விலாவுக்குப் பின்னால் வைத்தால் குடலில் ஒரு சத்தமும் இல்லை. எட்டு மணிக்கு அந்த வெள்ளைப் பெண்குதிரை போய்விட்டது.

பொங்கலுக்குப் பிறகு நான் பார்க்கும் மூன்றாவது குதிரை இது. மூன்றுக்கும் ஒரே கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

வடசென்னையில் குதிரை வைத்திருப்பவர்களை எனக்குப் பல வருடமாகத் தெரியும். கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் குதிரை விட்டுப் பிழைக்கிற குடும்பங்கள். வீட்டில் அரிசி குறைந்தாலும் கொள்ளு குறையாது. இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமையானால் குதிரையைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, கூடாரமும் அடுப்புமாகப் பழவேற்காட்டுப் பக்கமோ சோழவரம் பக்கமோ போய் ராத்திரி தங்கிவிட்டு வருகிறார்கள். போகட்டும், நல்லதுதான். தெருவோரத்தில் கட்டிக்கிடக்கிற குதிரை ஒரு நாள் திறந்த வெளியில் நடந்தால் அதற்கும் சந்தோஷம். ஆனால் போகும்போது தாத்தா காலத்து நம்பிக்கை ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மணலில் ஓட்டியிருக்கிறார்கள். இறங்கும்போது குதிரை நனைந்திருக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் கேன் இருந்தும் கொடுக்கவில்லை. "வேர்வையா இருக்கும்போது தண்ணி குடுத்தா மாரு அடைச்சிக்கும்னு நைனா சொல்லும் டாக்டர்." மூன்று மணி நேரம் கழித்து வாளியை வைத்திருக்கிறார்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தாகம் இல்லை என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள்.

நைனா சொன்னது தப்பு. மரியாதையோடுதான் சொல்கிறேன், தப்பு. வேர்த்த குதிரை தண்ணீர் குடித்தால் மார் அடைக்காது, வயிற்று வலி வராது, கால் பிடித்துக்கொள்ளாது. வெளிநாடுகளில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓடும் நெடுந்தூரக் குதிரைப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே வழியில் கிடைக்கும் இடத்திலெல்லாம் குதிரையைக் குடிக்க விடுகிறார்கள். உடம்பு கொதிக்கக் கொதிக்கத்தான் அவை குடிக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குதிரையின் வேர்வை நம் வேர்வை மாதிரி இல்லை. சேணத்தை எடுத்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். அவ்வளவும் உப்பு. நமக்கு வேர்த்தால் தண்ணீர்தான் அதிகம் போகும், ரத்தத்தில் உப்பு ஏறும், உடனே தாகம் எடுக்கும். குதிரைக்குத் தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் உடம்பு வற்றிக்கிடந்தாலும் மூளைக்கு அது தெரிவதில்லை. ஓடி நின்ற கையோடு வாளியை நீட்டினால் பல குதிரைகள் குடித்துவிடும். ஆறட்டும் என்று நீங்கள் காக்கவைத்தால், அந்த நேரத்தில் தாகமும் அடங்கிவிடும். குதிரை குடிக்க மறுப்பதை "அதுக்கு வேணாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தினமும் தீனியில் ஒரு ஸ்பூன் நிறைய உப்பு, வேர்க்க ஓடிய நாளில் அதைப்போல் இரண்டு பங்கு. பக்கத்திலேயே நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்.

சூட்டைத் தணிக்கவும் தண்ணீர்தான். உடம்பு முழுக்க ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போகாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஊர் வெயிலில் வேலை செய்த குதிரைக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு 20 லிட்டர் கேன் ஐந்து. குளிப்பாட்ட வேண்டியது தனி. "ஏரியிலயே இவ்ளோ தண்ணி கீதே" என்று ஒருவர் கேட்டார். பழவேற்காடு உப்பங்கழி, அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. எண்ணூர் முகத்துவாரத்தில் குதிரையை இறக்கவே இறக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அடுத்தது மணல். அந்தப் பையன்கள் கொள்ளையும் தவிட்டையும் மணலில் கொட்டியிருக்கிறார்கள். குதிரை ஒரு பருக்கை விடாமல் உதட்டால் துழாவித் தின்னும், மணலும் சேர்ந்து போகும். அது பெருங்குடலில் தங்கித் தங்கிச் சேரும். இறந்த குதிரையைச் சோதித்தபோது குடலில் இருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளினேன். தண்ணீரும் இல்லாமல் அது எப்படி நகரும்? ஒரு தார்ப்பாயும் தொட்டியும் எடுத்துப்போக என்ன கஷ்டம்? கடற்கரைச் சவாரிக்குப் போகிற குதிரைகளுக்கு வீட்டிலேயே பார்க்கலாம்: நாலைந்து லத்தி உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் என்னிடம் வாருங்கள். படியவில்லை என்பதாலேயே வயிற்றில் மணல் இல்லை என்று ஆகிவிடாது.

கட்டும் இடத்தைப் பாருங்கள். பூங்கா ஓரத்திலும் சாலை நடுத்திட்டிலும் அரளி வைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து இலை ஒரு குதிரைக்குப் போதும், காய்ந்த இலையும் விஷம்தான். சீமைக்கருவேல முள் குளம்பில் ஏறினால் முள்ளை எடுத்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் காயம் வழியாக வரும் ஜன்னி நோய்க்கு (டெட்டனஸ்) நாய், மாட்டை விடக் குதிரை சீக்கிரம் விழும். தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள்.

வலி என்று தெரிந்தால் முதலில் தீனியை எடுத்துவிடுங்கள். பாட்டிலில் விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பாதி நுரையீரலுக்குப் போகிறது, வயிற்று வலியில் பிழைத்ததைக் கூட நிமோனியாவில் இழந்திருக்கிறேன். குழாய் வைத்து ஊற்ற நாங்கள் இருக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி ஊசியையும் போடாதீர்கள். குதிரை அமைதியாகிவிடும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாமல் போய்விடும். அமைதியாகப் படுத்திருந்தால் விடுங்கள். புரள ஆரம்பித்தால் மெதுவாக நடத்துங்கள். ராத்திரி எந்நேரமானாலும் உடனே போன் செய்யுங்கள். அந்தப் பையன் பதினொரு மணிக்கே அது காலால் தரையைப் பறிப்பதைப் பார்த்திருக்கிறான். டாக்டரைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டாம் என்று விடியும்வரை காத்திருந்தானாம்.

எழுப்புங்கள் தம்பி. அதற்குத்தான் நம்பர் கொடுத்திருக்கிறேன். அதைவிட நல்லது, கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் குதிரையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாடி, ஈறு, குளம்பு பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். கேன் எத்தனை ஏற்றியிருக்கிறீர்கள் என்றும் கேட்பேன்.