ஓர்க்கின் அறிவிலிருந்து கழிக்கப்பட்ட இரண்டு

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் பதின்ம வயதினருக்கு உளவள ஆலோசகராக இருக்கும் நான், கூச்சம் மிகுந்த பிள்ளைகளைப் பேச வைப்பதற்காகச் சனிக்கிழமைகளில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை நடத்துகிறேன். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கதையைக் கூடி வளர்க்கும் ஆட்டம் அது. ஒருநாள் ஒரு சிறுமி ஓர்க் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தாள்; மாயக் கதைகளில் முரட்டுக் கூட்டமாக வருபவர்கள் ஓர்க்குகள். அருகிலிருந்த பையன் தன் அண்ணனின் பழைய புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "ஆன்ட்டி, ஓர்க் என்றால் அறிவுக்கான மதிப்பெண்ணில் இரண்டு கழிக்க வேண்டும்" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை; 2016இல் வந்த அந்த விதிநூல் அப்படித்தான் வகுத்திருந்தது.

பிறப்பை வைத்து ஒருவருக்கு இன்னது இயலும், இன்னது இயலாது என்று அட்டவணை போடுவது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்பனையல்ல. நிறவெறி ஆட்சி கொண்டுவந்த 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப்பெயருக்குள் அடைத்தது; எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த, அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்த இந்தியர்களைக் குடியேற்றவே 1960களில் சாட்ஸ்வர்த் எழுந்தது.

விளையாட்டின் பதிப்பாளர்கள் 2020இல் அந்தக் கழித்தலை நீக்கினார்கள். 2024ஆம் ஆண்டு விதிநூலில் 'ரேஸ்' (மனித இனம்) என்ற சொல்லுக்குப் பதிலாக 'ஸ்பீஷீஸ்' (உயிரின வகை) வந்தது. (தமிழில் இரண்டையும் 'இனம்' என்றே சொல்லிப் பழகிய எனக்கு இதன் வேறுபாடு உறைக்கச் சற்று நேரமாயிற்று.) சொல்லை மாற்றியது நல்லதுதான்; ஆனால் கதையை நடத்துபவர் "ஓர்க்குகள் கொடியவர்கள், ஆகவே தாக்குகிறார்கள்" என்று தொடங்கிவிட்டால் பழைய அட்டவணை வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும். நம்முடைய அரக்கரும் இந்த விளையாட்டின் 1977ஆம் ஆண்டு 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற அரக்கப் பட்டியல் நூலில் புலித்தலையுடன், வெறும் தீயவராக இடம்பெற்றார்கள். நம் கதையில் இராவணனுக்கு வீணையும் சிவபக்தியும் உண்டு.

மோதலைக் கதையில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1949 சனவரியில் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் இடையே மூண்ட தகராறு கலவரமாகி 142 பேர் இறந்தார்கள். அதை "அவர்கள் குணமே அப்படி" என்று இரு பக்கத்திலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இந்தியர்கள் ஆப்பிரிக்கர்களிடம் நிலத்துக்கு வாங்கிய வாடகை, இந்தியர் கையிலிருந்த பேருந்துகளும் கடைகளும், ஆப்பிரிக்கர்கள் நகரில் நிலம் வாங்கவும் தொழில் நடத்தவும் வெள்ளையர் ஆட்சி போட்டிருந்த தடைகள் ஆகியவற்றை எடுத்துவிட்டால் அந்தச் சண்டையில் விளங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே ஆட்டத்துக்கு முன், கதையில் வரும் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் மூன்று கேள்விகளை எழுதி வைக்கிறேன்: கிணறு யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது, சந்தையில் கடை போட யாருக்கு அனுமதி இல்லை. வாழும் மக்களின் சடங்கை அப்படியே எடுத்து அரக்கர் கூட்டத்துக்குச் சூட்டுவதும் இல்லை. பெரிய வெள்ளியன்று டர்பனின் அம்பிலோ கோயிலில் பூமிதிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று என் மேசையிலேயே அமர்ந்திருக்கிறது. மனம் தாங்காத காட்சி வந்தால் காரணம் சொல்லாமல் தொட்டு நிறுத்துவதற்கு நடுவில் ஓர் அட்டையும் உண்டு.

அந்தச் சிறுமியின் ஓர்க் கடைசியில் சுங்கச்சாவடிக் கணக்கரானாள். கிணற்றுக் குத்தகைப் பத்திரத்தை வாசிக்கத் தெரியாமல் பையனின் பாத்திரமான எல்ஃப் (மாயக் கதைகளில் வரும் இன்னொரு கூட்டத்தவன்) அவளிடம்தான் வந்து நின்றான். வாசித்துக் காட்ட அவள் இரண்டு பொற்காசு கேட்டாள்.