நாவலில் வரும் கொலைகாரனும் நம் வீட்டுப் பிள்ளையும்

அண்மையில் எங்கள் மனநலப் பிரிவுக்கு ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவன். முதலில் நண்பர்களோடு கதைப்பதை விட்டான். பிறகு குளிப்பு, சாப்பாடு, நித்திரை எல்லாம் குழம்பியது. அப்புறம் இரவில் தனியே கதைக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வளவில் இருந்த கோடாலி, மண்வெட்டி, குசினிக் கத்தி எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு, அவனுடைய அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொளுக்கி போட்டிருந்தார்கள். தகப்பன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “டொக்டர், இவனுக்குள்ள இன்னொரு ஆள் இருக்கிறான் எண்டு மூத்தவள் சொல்லுறாள். அந்த ஆள் வெளியில வந்தா எங்களை வெட்டிப் போடுவானோ?”

மூத்தவள் கெட்டிக்காரி. தம்பியில் உயிரையே வைத்திருப்பவள். ஃபோனில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரில்லர் நாவல்கள் வாசிப்பவள். அவள் வாசித்த கதைகளில் தனியே கதைக்கிறவன் எல்லாம் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனாகத்தான் முடிகிறான். தம்பியைப் பார்த்து அவள் பயந்தாள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் ஊர் அவனைக் கொலைகாரன் என்று சொல்லிவிடுமே என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதே கதையை வேறு வேறு வீடுகளில் இருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

நாவல் வாசிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் விடாமல் வாசிக்கிறவள்தான். பதுங்கு குழிக்குள் கதைப்புத்தகம் வாசித்து வளர்ந்த தலைமுறை இது. புத்தகத்தைப் பறிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது வன்னிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வரும் வழிதான் மாறியிருக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பும் ஆங்கில நாவல், டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப், அரைகுறை மொழிபெயர்ப்பு, யூடியூப்பில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் கதைச்சுருக்கம், தினம் ஓர் அத்தியாயமாக வரும் இணையத் தொடர்கதை. புதுக்குடியிருப்பில் இருந்து கிளிநொச்சி வரும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் ஏதோ ஒன்றை வாசித்துக்கொண்டுதான் வருகிறார்கள். நல்லது. அந்தக் கதைகள் எதைச் சரியாகச் சொல்கின்றன, எதைப் பிழையாகச் சொல்கின்றன என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும் அல்லவா?

என்னை அதிகம் வருத்தும் பிழையில் இருந்து தொடங்குகிறேன். ‘ஒருவருக்குள் இரண்டு ஆள், அதில் ஓர் ஆள் கொலை செய்பவன்.’ இதை நாவல் மட்டும் சொல்லித் தரவில்லை. சந்திரமுகியும் அந்நியனும் 2005இல் ஒரே வருடத்தில் வந்தன. அன்றிலிருந்து எங்கள் சனத்துக்கு மனநோய் என்றால் அந்த இரண்டு படமும்தான். திரில்லர் நாவல்கள் அதன் மேல் இன்னும் அடுக்கிக்கொண்டே போகின்றன.

தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். அந்தப் பெடியனுக்கு இருந்தது ஸ்கிசோஃப்ரினியா என்று நாங்கள் சொல்லும் மனச்சிதைவு நோய். உலகத்தில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவார்கள். சிலர் எதுவும் பேசாமல் ஒதுங்கிப்போவார்கள். தனியே கதைக்கிறான் என்று நீங்கள் பார்ப்பது, தனக்குக் கேட்கும் குரலுக்கு அவன் பதில் சொல்வது. அவனுக்குள் இரண்டாவது ஆள் இல்லை. இருப்பது அவன் ஒருவன்தான், அவனும் பயந்துபோய் இருக்கிறான்.

ஒருவரிடம் வேறு வேறு ஆளுமைகள் மாறி மாறி வெளிப்படும் நோய் ஒன்றும் இருக்கிறது. அது வேறு நோய். சிறுவயதில் மிக மோசமான வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குப் பெரும்பாலும் வருவது. அவர்களும் இரவில் கத்தியோடு அலைபவர்கள் இல்லை. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்துத்தான் அவர்களிடம் அதிகம்.

இன்னும் ஒருமுறை சொல்கிறேன், சலிக்காமல் கேளுங்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடி வாங்குகிறவர்களாக இருப்பதே அதிகம். அவர்களின் காசைப் பறிக்கிறார்கள், காணியை எழுதி வாங்குகிறார்கள், பெண் என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆபத்தே இல்லை என்றும் பொய் சொல்ல மாட்டேன். வைத்தியம் இல்லாமல், பயத்தின் உச்சத்தில் இருக்கிறவர் சில வேளை கை ஓங்கலாம். கசிப்பும் ஐஸ் போதைப்பொருளும் சேர்ந்தால் அது கூடும். அதனால்தான் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கெஞ்சுகிறோம். வைத்தியம் தொடங்கினால் அந்த ஆபத்துக் குறைகிறது. கொளுக்கி போட்டுப் பூட்டினால் கூடுகிறது. தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்பும் ஒருவனை அறைக்குள் பூட்டினால் அவன் வேறு என்ன நினைப்பான்?

இன்னொன்று, இது எங்கள் மண்ணுக்கே உரியது. காணாமல் ஆக்கப்பட்ட மகன் படலையடியில் நின்று “அம்மா” என்று கூப்பிட்டது கேட்டது என்று ஒரு தாய் சொன்னால், அதை உடனே நாங்கள் நோய் என்று எழுதுவதில்லை. இழவில் இருப்பவர்களுக்கு அப்படிக் கேட்பது சாதாரணம். அந்தத் தாய்க்குப் பைத்தியம் என்று பெயர் வைக்காதீர்கள். நித்திரையும் சாப்பாடும் போய், எழும்பி நடமாடவும் முடியாமல் இருக்கிறார் என்றால் மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சரி, நாவல்களுக்கு வருவோம். 2019இல் வந்த ‘தி சைலன்ட் பேஷன்ட்’ இங்கே ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரு சுற்றுச் சுற்றியது. கணவனைச் சுட்டுவிட்டு வாயே திறக்காமல் இருக்கும் ஓவியர், அவரைப் பேசவைக்க முயலும் உளசிகிச்சையாளர். நன்றாகப் பின்னிய கதை, முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சிகிச்சையாளர் நோயாளியின் உறவினர் வீடுகளுக்கு யாரிடமும் கேட்காமல் போய்த் துப்பறிகிறாரே, அதை நாங்கள் செய்தால் எங்கள் வேலை போய்விடும், போகவும் வேண்டும். நீங்கள் என்னிடம் சொன்னதை உங்கள் மாமியாரிடம் போய் நான் கேட்க மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே ஒரு விடயம் இந்த அறையை விட்டு வெளியே போகும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்யப் பார்ப்போம். மயக்கி உண்மையை வரவழைக்கிற வித்தையும் எங்களிடம் இல்லை. மின் அதிர்ச்சி கொடுத்துச் சித்திரவதை செய்வதாக நாவல்களில் வருகிறதே, அந்தச் சிகிச்சை இன்றும் உண்டு. மயக்க மருந்து கொடுத்த பிறகு, தேவைப்படும் ஆளுக்கு மட்டும் செய்கிறோம். கடும் மனச்சோர்வில் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தவர்கள் அதனால் எழும்பி இருக்கிறார்கள்.

2018இல் வந்த ‘தி வுமன் இன் தி விண்டோ’ ஒரு விடயத்தைச் சரியாகச் சொல்கிறது. வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படும் பெண் ஒரு குற்றத்தைக் காண்கிறாள், நோயாளி என்பதால் யாரும் நம்பவில்லை. இது இங்கே ஒவ்வொரு கிழமையும் நடக்கிறது. மனநலக் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் பெண் புருஷன் அடித்தான் என்று பொலிசுக்குப் போனால், முதலில் அந்தக் கொப்பியைத்தான் பார்க்கிறார்கள். அதே கதையில் அவள் மாத்திரையையும் வைனையும் சேர்த்துக் குடிப்பதை மட்டும் மறந்துகூடச் செய்யாதீர்கள்.

காதல் கதைகளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். தமிழ் இணையத் தொடர்கதைகளில் ‘ஆன்டி ஹீரோ’ என்று ஒரு வகை பெருகிக் கிடக்கிறது. அவன் அவளைக் கடத்துவான், பலவந்தமாகத் தாலி கட்டுவான், கன்னத்தில் அறைவான், அவள் விருப்பம் இல்லாமல் தொடுவான். இருபதாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு சோகமான சிறுவயதுக் கதை வரும். முப்பதாவதில் அவள் காதலிப்பாள். கருத்துப் பகுதியில் பெண்கள் இதயம் போட்டுக்கொண்டு போகிறார்கள். இதை எழுதும் தங்கச்சிமாரிடம் கை கூப்பிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். கடவுச்சொல் கேட்கிறான், எங்கே நிற்கிறாய் என்று படம் அனுப்பச் சொல்கிறான், அண்ணனோடு கதைத்தாலும் சந்தேகப்படுகிறான், “நீ விட்டிட்டுப் போனா மருந்து குடிச்சுச் சாவன்” என்கிறான். இதையெல்லாம் பாசம் என்று நம்பி என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினேழு வயது. கையில் காயம் இருக்கும், முகத்தில் அவனுக்காகப் பேசும் அவசரம் இருக்கும்.

இந்த இடத்தில் கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ பற்றிச் சொல்ல வேண்டும். 2016இல் வந்த நாவல், 2024இல் படமாகவும் வந்தது. டிக்டொக்கில் அதைக் காதல் கதை என்று விற்கிறார்கள். உண்மையில் அது அடிக்கும் கணவனை விட்டுப் பிரியும் பெண்ணின் கதை. அவனுக்கும் சோகமான சிறுவயது உண்டு, அவனும் அழுது மன்னிப்புக் கேட்கிறான். அவனை அவள் நேசிக்கவும் செய்கிறாள். அப்படியும் மகள் பிறந்த பிறகு விவாகரத்துக் கேட்கிறாள். குறைகள் இருக்கின்றன, அழகையும் பணத்தையும் காட்டி மயக்குகிற பக்கங்கள் அதிகம். ஆனால் அடி, அழுகை, மன்னிப்பு, மறுபடி அடி என்ற வட்டத்தை அது பிழையில்லாமல் காட்டுகிறது. முழுதாக வாசியுங்கள். முப்பது விநாடித் துண்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு அந்த மாப்பிள்ளைக்காக உருகாதீர்கள்.

ஃபான்டசி நாவல்களைத்தான் பெற்றோர் அதிகம் திட்டுகிறார்கள். பேய், சூனியம், டிராகன், இதெல்லாம் பிள்ளையின் மண்டையைக் குழப்பும் என்று. என் அனுபவத்தில் மண்டையை ஆகக் குறைவாகக் குழப்புவது அதுதான். டிராகன் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ என்று 2015இல் வந்த நாவலில் காஸ் என்று ஒரு பெடியன் வருகிறான். கொள்ளைநோயில் அண்ணன் இறந்துவிட, பிணக்குவியலில் இருந்து தப்ப வழியில்லாமல், அண்ணனின் உடலைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நீந்துகிறான். அன்றிலிருந்து மனிதத் தோல் பட்டாலே அவனுக்கு உடல் நடுங்கும், எப்போதும் கையுறை போட்டிருப்பான். 2009இல் போரின் கடைசி நாட்களில் நந்திக்கடல் பக்கமாகத் தண்ணீருக்குள்ளால் வந்தவர்கள் இருக்கும் ஊர் இது. கூட்டத்தில் நிற்க முடியாத, யாராவது தொட்டால் திடுக்கிடும் ஆட்கள் எங்கள் கிளினிக்கில் இருக்கிறார்கள். அந்த நடுக்கம் கோழைத்தனம் இல்லை, பைத்தியமும் இல்லை என்று அந்தக் கதை எந்தப் போதனையும் இல்லாமல் காட்டிவிடுகிறது. 2023இல் வந்த ‘ஃபோர்த் விங்’கின் நாயகிக்கு மூட்டுகள் எளிதில் விலகும். எழுதிய ரெபெக்கா யாரோஸுக்கே அப்படியான நோய் உண்டு, அதனால் வலியைப் பற்றிய வரிகள் உண்மையாக இருக்கின்றன. படுக்கையறைக் காட்சிகள் நிறைய இருப்பதால் அது பெரியவர்களுக்கான புத்தகம். அட்டையில் டிராகன் இருக்கிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. பிள்ளை தனியே கதைத்தால், காரணமில்லாமல் சிரித்தால், வாரக்கணக்கில் ஒதுங்கி இருந்தால், முதலில் வைத்தியசாலைக்கு வாருங்கள். கோயிலுக்கும் போங்கள், யாரும் தடுக்கவில்லை, ஆனால் நூல் கட்டி முடியும் வரை மாதக்கணக்கில் பார்த்திருக்காதீர்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. எல்லோரையும் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். பெரும்பாலானோர் வீட்டில் இருந்து மாத்திரையோடும் மாத ஊசியோடும் வாழ்கிறார்கள், வயல் செய்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். வரத் தயக்கம் என்றால் 1926க்கு எடுத்துக் கதையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. வீட்டில் அடி என்றால் 1938. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார், போய்க் கேளுங்கள். வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். “செத்துவிடுவேன்” என்று ஒருவர் சொன்னால் அதைக் காதலின் அளவுகோலாக எடுக்காதீர்கள், மிரட்டல் என்று தள்ளவும் வேண்டாம். பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள், அவரை எங்களிடம் கொண்டுவாருங்கள். அவரைக் காப்பாற்ற நீங்கள் அவரோடு வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடைசியாக மாத்திரை. தொடர்கதைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று: நாயகன் வந்து அவளைக் கட்டியணைத்து, “இனி உனக்கு இது தேவையில்லை” என்று மாத்திரைப் பெட்டியை எறிகிறான். அடுத்த அத்தியாயத்தில் அவள் சுகம். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தி, சில மாதங்களில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். உடம்பு ஊதுகிறது, நித்திரை அதிகம், பிள்ளை பெற யோசிக்கிறோம், எந்தக் காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்களாக நிறுத்தாமல் அடுத்த கிளினிக் நாளில் வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று பார்த்துச் செய்வோம். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், பக்கத்து வைத்தியசாலையில் மருந்து எடுக்கத் துண்டு எழுதித் தருகிறேன்.