கீறல் விழுந்தும் பாடும் தட்டு

முதலில் பியானோவின் ஒரே ஒரு சுரம் கேட்கும். அதை வைத்து மற்றவர்கள் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் டிரம்ஸ் குச்சிகள் தாளம் எண்ணும். அந்த எண்ணிக்கை முடிந்ததும் பியானோக்களும் கிட்டார்களும் ஒரே நேரத்தில் வந்து அறையை நிரப்பிவிடும். ஜப்பானியப் பாடகரும் இசையமைப்பாளருமான எயிச்சி ஓட்டாகியின் ‘எ லாங் வெகேஷன்’ ஆல்பம் இப்படித்தான் தொடங்குகிறது.

என்னிடம் இருப்பது நண்பர் ஒருவர் கொடுத்த பழைய சிடி. உள்வட்டத்திலிருந்து விளிம்பு வரை குறுக்கே ஒரு கீறல் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலம் இருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், முதல் பாட்டு நடுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தட்டு நொடிக்கு ஏறத்தாழ 8 முறை சுற்றும். அதாவது அந்தப் பியானோ சுரம் ஒலிக்கும் ஒவ்வொரு நொடியிலும் கீறல் 8 முறை குறுக்கிடுகிறது. ஆனாலும் ஒரு ‘டக்’ சத்தம்கூடக் கேட்பதில்லை. இசைத்தட்டாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி துள்ளியிருக்கும்.

இந்த ஆல்பத்தை வைத்து இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1981 மார்ச் 21 அன்று இசைத்தட்டாக வந்த இது, 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் உலகின் முதல் சிடிகள் விற்பனைக்கு வந்தபோது அந்த முதல் தொகுப்பிலேயே இருந்தது. அன்றுதான் சோனியின் முதல் சிடி பிளேயரும் கடைக்கு வந்தது. விலை 1,68,000 யென்.

ஓட்டாகியின் இசை புதுத் தட்டுக்குச் சரியான சோதனையாகவும் இருந்திருக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் ‘ஒலிச் சுவர்’ முறை அவருக்கு உயிர். ஒரே மெட்டைப் பல கிட்டார்களும் பல பியானோக்களும் ஒரே அறையில் சேர்ந்து வாசிப்பார்கள். இரண்டு பேரின் கை ஒருபோதும் ஒரே கணத்தில் விழாது. சுருதியும் மயிரிழை விலகும். அந்தச் சின்னச் சின்ன விலகல்கள் கலந்து, எந்த வாத்தியம் எது என்று பிரிக்க முடியாத ஒரே பெரிய ஒலியாகின்றன. அதன் மேல் எதிரொலியும் சேர்கிறது. (ஓட்டாகி என்றால் பெரிய அருவி. அதனால்தான் தன் இசை நிறுவனத்துக்கு நயாகரா என்று பெயர் வைத்தார்.)

சரி, இந்த அருவியை எப்படித் தட்டில் அடைப்பது? எண்களாக மாற்றித்தான். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறார்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக. சுருதி சேர்க்கும் சுரம் நொடிக்குச் சுமார் 440 முறை அதிர்கிறது. ஆக, அதன் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஏறத்தாழ 100 அளவுகள் கிடைக்கின்றன.

44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? மனிதக் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதை முழுதாகப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அந்தக் காலத்தில் இவ்வளவு எண்களைப் பதிய வீடியோ டேப்தான் வசதியாக இருந்தது. நொடிக்கு 60 திரைகள், திரைக்கு 245 வரிகள், வரிக்கு 3 அளவுகள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்.

இந்த எண்கள் 1, 0 என்ற இரண்டே குறிகளாக எழுதப்பட்டு, தட்டில் குழிகளாகின்றன. குழியின் ஆழம் நூறு நானோமீட்டருக்குச் சற்று மேல். சுருள் பாதையின் வரிகளுக்கு நடுவே இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் 40 வரிகள் அடங்கிவிடும். இந்தக் குழிகளைப் பிளேயர் லேசர் ஒளியால் படிக்கிறது. அந்த ஒளியின் அலைநீளம் காற்றில் 780 நானோமீட்டர், பிளாஸ்டிக்குக்குள் நுழைந்ததும் 500 ஆகச் சுருங்கும். குழியின் ஆழம் அதில் கிட்டத்தட்ட கால்பங்கு. போக கால், வர கால், மொத்தம் அரை அலை வித்தியாசம். குழியிலிருந்து திரும்பும் ஒளியும் பக்கத்துச் சமதளத்திலிருந்து திரும்பும் ஒளியும் எதிரெதிராக மோதி மங்கிவிடுகின்றன. ஒளி மாறும் இடம், அதாவது குழியின் ஓரம், 1. மாறாமல் நீளும் இடமெல்லாம் 0.

இப்போது கீறலுக்கு வருவோம். முதல் காவல், தட்டின் தடிமன்தான். குழிகள் தட்டின் அடிப்பரப்பில் இல்லை, 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு அப்பால் இருக்கின்றன. அடிப்பரப்பில் நுழையும்போது லேசர் கற்றை சுமார் 0.8 மில்லிமீட்டர் அகலம், குழியை அடையும்போது 2 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஆகவே சின்னத் தூசியும் மெல்லிய கோடும் லேசருக்குத் தெரிவதே இல்லை.

என் கீறல் அதைவிடப் பெரியது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் இடது, வலது ஒவ்வொன்றிலும் முப்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் நாசமாகின்றன. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த வேலை நடக்கிறது.

விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் போட்டு வைத்தால், அந்தக் குதிரில் எலி புகுந்தால் எல்லாம் போயிற்று. ஊரில் எல்லோரும் அவரவர் நெல்லை நூறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒரு வீடு எரிந்தாலும் ஆளுக்கு ஒரு பிடிதான் நட்டம். சிடியும் இதையே செய்கிறது. 24 பைட் ஒலியை (ஒரு பைட் என்பது எட்டு 1, 0 குறிகள்) ஒரு பொட்டலம் என்று எடுத்துக்கொண்டு, அதை ஒரே இடத்தில் எழுதாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்களுக்கு நடுவே கலைத்துப் பரப்புகிறது. கீறல் ஓரிடத்தைத் தின்றாலும், ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓரிரு பைட்டுகள்தான் காணாமல் போகும்.

அந்த ஓரிரண்டை எப்படி மீட்பது? 7, 4, 9 என்று மூன்று எண்களை எழுதி, பக்கத்தில் 20 என்று கூட்டுத்தொகையையும் எழுதி வையுங்கள். நடு எண் அழிந்தால் 20-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் போதும். இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960-இல் வெளியிட்ட கணக்கு இதைவிட ஆழமானது, ஆனால் சாரம் இதுதான். 24 பைட்டுக்கு 8 பைட் கூடுதல். தட்டில் பாதை நெடுக 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும், போன எண்ணை ஊகிக்காமல் அப்படியே திரும்ப எழுத முடியும். ஓட்டாகி பதிந்த அதே எண்.

அதற்கும் மேல் சேதமானால் பிளேயர் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அளவுகளைப் பார்த்து நடுவில் ஒன்றை வைக்கிறது. அதற்காகவே ஒற்றைப்படை அளவுகளையும் இரட்டைப்படை அளவுகளையும் தள்ளித் தள்ளி எழுதியிருக்கிறார்கள். ஒன்று அழிந்தாலும் அதன் அண்டை பிழைத்திருக்கும்.

சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். வட்டமாகத் துடைத்து அதில் கீறல் விழுந்தால் அது பாதையோடு கூடவே ஓடும், 2.5 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் மேல்பக்கத்தைப் பத்திரமாகப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே கூரான பேனாவால் கிறுக்கினால் படலமே பெயர்ந்துபோகும். என் தட்டின் மேல்பக்கத்தில் இதுவரை ஒரு கோடும் இல்லை. பியானோ சுரம் இன்றைக்கும் சுத்தமாக வருகிறது.